கடலில் நனைத்த நீலக் கால்சட்டை

மாயாபந்தர் பள்ளிக்கு என்னை ஆசிரியையாக நியமித்து வந்த உத்தரவில் ஒரு வரி மட்டும் அடிக்கோடிடப்பட்டிருந்தது. குறித்த நாளில் அலுவலகம் மூடுவதற்குள் வந்து சேராவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். தூத்துக்குடியில் அதைப் படித்தபோது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நாள் தாராளமாக இருந்தது. ஒரு பஸ் போனால் இன்னொரு பஸ் வரும் ஊரில் வளர்ந்தவள் நான்.

சென்னைக் கப்பல் மழையில் சிக்கித் தாமதமாகப் போர்ட் பிளேயரைத் தொட்டபோது, மாயாபந்தருக்குப் போகும் படகு முந்தின நாளே கிளம்பிவிட்டிருந்தது. அடுத்த படகு வியாழக்கிழமை. அது வழியில் ஓர் இரவு தங்கி மறுநாள் மாலைதான் போய்ச் சேரும். அந்த மறுநாள்தான் உத்தரவில் குறித்திருந்த கடைசி நாள்.

எங்கள் பங்குச் சாமியார் எழுதிய கடிதத்தை நம்பி, சூசை அண்ணன் என்னை அழைத்துப்போக வந்திருந்தார். அவரும் எங்கள் கடற்கரைக்காரர்தான், வேறு ஊர். அரசுப் படகில் என்ஜின் டிரைவர். அவருடைய படகு ஃபீனிக்ஸ் பே துறையில் பழுதுபார்ப்பில் நின்றது. வியாழக்கிழமை போகப்போவது அதுதான்.

"கவலப்படாத தங்கச்சி. என்ஜின் என் கைல. டயத்துக்குக் கொண்டு சேக்குறது என் பொறுப்பு. டீக் ஹை?" என்றார்.

எனக்கு டீக்காக, அதாவது சரியாக, எதுவும் படவில்லை. காரணம், அவர் போட்டிருந்த கால்சட்டை. கறுப்போ என்று நினைக்கும்படியான நீலம். தகரத்தை வளைத்துத் தைத்ததுபோல் விறைப்பு. நடந்தால் சரக் சரக் என்று சத்தம் வந்தது. என் படுக்கைச் சுருளைத் தொடையில் முட்டுக்கொடுத்துத் தூக்கினார். டெலானிபூர் மேட்டில் அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் போய் இறக்கியபோது வெள்ளை உறையில் நீலமாக ஒரு தொடை பதிந்திருந்தது.

"இவரு தொட்டதெல்லாம் நீலமாயிரும். சுவரு, பாயி, கோயில் பெஞ்சு... ஃபாதர் ஒருநாள் கூப்பிட்டே சொல்லிட்டாரு, சூசை, நீ பின்னால நின்னே பூசை பாருன்னு" என்றார் அவர் மனைவி ரோஸ்லின் மதினி.

அன்று மதியம் சூரை மீன் குழம்பும் அவித்த மரவள்ளிக் கிழங்கும். குழம்பில் வெங்காயம் இல்லை. "மெயின்லேண்ட் கப்பல் லேட்டானா இங்க எல்லார் வீட்டுக் குழம்பும் ஒரே ருசிதான்" என்று மதினி தேங்காய்ப்பாலைத் தாராளமாக ஊற்றினார். எங்கள் ஊரில் தேங்காயைக் கணக்குப் பார்த்து உடைப்போம், வெங்காயத்தை அள்ளிப்போடுவோம். கடல் குறுக்கே வந்தால் சமையல் தலைகீழாகிவிடுகிறது.

மறுநாள் ஊர் சுற்றினேன். டெலானிபூரில் எந்தச் சந்தில் திரும்பினாலும் முடிவில் கடல் நிற்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் தெருவில் இந்தியில் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். அவரவர் வாசல் வந்ததும் ஒருவன் வங்காளத்தில் அம்மாவைக் கூப்பிட்டான், ஒருத்தி தெலுங்கில் தண்ணீர் கேட்டாள். இந்தப் பிள்ளைகளுக்குத்தான் நான் பாடம் சொல்லப்போகிறேன் என்று நினைத்தபோது கொஞ்சம் பயமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவதில்லை.

சாயங்காலம் சூசை அண்ணன் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கோயா பாய். மலபார்க்காரர், கடைத்தெருவில் தையல்கடை வைத்திருப்பவர். மற்றவர் ஸா ஜான். மாயாபந்தர் பக்கத்தில், பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் மக்களின் கிராமத்துக்காரர், அண்ணனுடைய படகில் தளத்து வேலை பார்ப்பவர். இருவர் இடுப்பிலும் அதே விறைத்த நீலம். மூன்று பேரும் டீக்கிளாஸோடு வாசலில் வெளிச்சம் விழும் இடத்தில் நின்று, ஒருவர் காலை ஒருவர் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். நான் மதினியைப் பார்த்தேன்.

"வாராவாரம் இதுதான். பொண்ணு பாக்குற மாதிரி பாப்பாங்க" என்றார் மதினி.

இவர்கள் இந்த ஜீன்ஸ் துணியைத் துவைப்பதில்லை. கடைக்கு வரும் முன் ஆலையிலும் துவைத்திருக்கக் கூடாது. அப்படிப்பட்ட துணியை இங்கே 'கோரா' என்கிறார்கள். நாம் கோடித்துணி என்று சொல்வதுதான். நாம் கோடியை ஒருநாள் உடுத்திப் பெருமைப்பட்டு, மறுநாள் தண்ணீரில் முக்கிவிடுவோம். இவர்கள் மாதக்கணக்கில் முக்காமல் போட்டு உழைக்கிறார்கள். மடங்கும் இடத்திலும் உராயும் இடத்திலும் மட்டும் நீலம் தேய்ந்து வெளுக்கிறது. அந்த வெளுப்பைத்தான் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள்.

ஜானின் வலத்தொடையில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. படகைக் கட்டும் கயிற்றை அவர் அந்தத் தொடைமேல் போட்டுத்தான் இழுப்பாராம். கோயா பாய் நாள் முழுதும் தையல் மெஷின் மிதிப்பவர் என்பதால் முழங்காலுக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக வெளுத்திருந்தது. அண்ணனின் பின்பையில் ஒரு ஸ்பானரின் உருவம், படம் எடுத்ததுபோல் அப்படியே.

"இது பதிமூணா பதினாலா?" என்று ஜான் இந்தியில் கேட்டார்.

"பதினாலு" என்றார் அண்ணன், ஸ்பானரின் அளவைப் பெருமையாக.

மதினி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "இந்தப் பேண்டுக்கு ஒரு ரேஷன் கார்டு போட்டிரலாம் தங்கச்சி. ராத்திரி கழட்டி மூலைல நிறுத்துவாரு. தானா நிக்கும். ஒரு நாளு இருட்டுல பாத்துட்டு, யாரு அதுன்னு சத்தம் போட்டுட்டேன்!"

வெட்டிலும் இவர்களுக்குப் பிடிவாதம் உண்டு. கடைத்தெருவில் இளவட்டங்கள் எல்லாம் பெல்பாட்டத்தில் தெருவைப் பெருக்கிக்கொண்டு போகிற காலம். கோயா பாய் பெல்பாட்டம் தைக்கமாட்டார். யுத்தத்துக்கு முந்தின வெட்டுதான் வேண்டும் இவர்களுக்கு: இடுப்பு உயரமாக, கால் நேராக, முன்னால் பித்தான், பின்னால் இழுத்துக் கட்ட ஒரு பட்டை. கப்பலில் கரி அள்ளிய யாரோ போட்டுக் கிழித்த பழைய கால்சட்டை ஒன்று அவரிடம் இருக்கிறது. அதைப் பிரித்துத் துண்டு துண்டாக, தேசப்படம்போல் மடித்து வைத்திருக்கிறார். வெட்டுவது அதைப் பார்த்துத்தான்.

அவர் என் சேலையைப் பார்த்தார். அம்மா எனக்காகத் தேடி வாங்கிய நைலக்ஸ். கசங்காது, வெளுக்காது, இஸ்திரி வேண்டாம்.

"டீச்சரே, இது நைலக்ஸ் அல்லே? பத்து வருஷம் கழிச்சாலும் இதுபோலத்தான் இருக்கும். பாவம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "வெளுத்துப்போன துணியப் போட்டுக்கிட்டு அலையக் கூடாதுன்னுதான் நாங்க படிச்சது. டெரிலின் வாங்க முடியாதவங்கன்னா சரி. உங்களுக்கு என்ன தலையெழுத்து?" என்று கேட்டேன்.

அண்ணன் கோபப்படவில்லை. "டெரிலின் போட்டு நான் ஒரு வருஷம் உழைச்சாலும் உழைச்சது தெரியாதுல்லா? இதுல தெரியும்" என்றார்.

எங்கள் வீட்டில் உழைத்தது தெரியத் துணி தேவைப்பட்டதில்லை. அம்மாவின் விரல் நுனிகளைப் பார்த்தால் போதும். உழைப்பின் தழும்பைத் துணியில் பார்த்து ரசிக்க வேண்டுமானால், முதலில் அது தோலில் விழாமல் இருக்க வேண்டும். இதைச் சொல்ல நாக்கு வரை வந்தது. நான் சாப்பிடுவது அவர்கள் வீட்டுச் சோறு.

ஆனால் படுத்த பிறகும் யோசனை ஓடியது. இந்த ஊரில் பழைய சாமான் உள்ள வீட்டை நான் பார்க்கவில்லை. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் மலபாரிலிருந்தும் கையில் கிடைத்ததோடு கப்பல் ஏறி வந்தவர்கள். பாத்திரம் புதிது, வீடு புதிது, வெட்டிய காடு புதிது. தன்னோடு சேர்ந்து பழையதாகிற பொருள் ஒன்று வேண்டும் என்று இவர்களுக்குத் தோன்றினால் அதில் ஆச்சரியம் இல்லை. என் அம்மாவுக்கு அந்த ஆசை வராது. அவளிடம் இருப்பதெல்லாம் பழசு.

படகு கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு புதுக் கால்சட்டை வந்தது. கப்பல்காரர் ஒருவர் கல்கத்தா கிதிர்பூர்ச் சந்தையில் வாங்கிவந்த துணி. இதுவரை பார்த்ததிலேயே கனமானது என்றார்கள். கோயா பாயின் தையல் மெஷினில் ஊசி ஊசியாக ஒடிந்துபோய், எங்கேயோ கொண்டுபோய்த் தைத்து வந்திருந்தார்.

"எந்த மெஷின்ல தச்சீரு பாய்?" என்று அண்ணன் கேட்டார்.

"அது மாத்திரம் கேக்கண்டா" என்றார் கோயா பாய்.

துணி தண்ணீர் பட்டால் சுருங்கும் என்று இரண்டு விரல் பெரிதாக வெட்டியிருந்தார். அண்ணன் அதை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது அப்பாவின் சட்டையைப் போட்ட பிள்ளைபோல் இருந்தார். முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. மாயாபந்தரில் ஜானுடைய கிராமத்தில் இதே பைத்தியம் பிடித்த கூட்டம் ஒன்று உண்டாம். அவர்கள் முன்னால் இதில்தான் போய் இறங்க வேண்டுமாம்.

காலையில் படகு சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. என் மனம் கொஞ்சம் இளகியது. படகில் அரிசி மூட்டைகள், வாத்துக்கூடை, இரண்டு ஆடுகள், பூசணி நாற்றுகளை மடியில் வைத்துக்கொண்ட ஒரு வங்காளி அம்மாள். சேரங் அப்பாராவ், அதாவது படகின் தலைவர், சக்கரத்தின் பக்கத்தில் நின்று தெலுங்கில் கடலைத் திட்டிக்கொண்டே வந்தார். அண்ணனுக்கு உதவி செய்யும் ஆள் காய்ச்சலில் ஊரிலேயே தங்கிவிட, என்ஜினை அவர் ஒருவரே பார்த்துக்கொண்டார். மதினி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றையும் கருவாட்டையும் அந்த அம்மாளோடு பங்கிட்டேன். அவர் எனக்கு வெல்லம் சேர்த்த பொரி கொடுத்தார். பேச மொழி இல்லாததால் இருவரும் நிறையச் சிரித்தோம்.

அன்றிரவு ஹேவ்லாக்கில் தங்கல். விடிந்ததும் கரையில் கூச்சல் கேட்டு எட்டிப் பார்த்தேன். அண்ணன் புதுக் கால்சட்டையோடு கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். ஜான் கரையில் நின்று, "இன்னும் போ, இன்னும் போ, பட்டை நனையணும்" என்று இந்தியில் கத்தினார். அண்ணன் இடுப்பளவில் நின்றார், குந்தினார், எழுந்தார். அவரைச் சுற்றித் தண்ணீர் மைக்கூடு கவிழ்ந்ததுபோல் நீலமானது.

இதுதான் இவர்களுடைய சடங்கு. புதுத்துணியை உடம்போடு கடலில் நனைத்து, கழற்றாமல் உடம்பிலேயே காயவைக்க வேண்டும். காயும்போது உட்கார்ந்து, எழுந்து, நடந்துகொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் துணிக்கு முட்டி எங்கே, இடுப்பு எங்கே என்று தெரியுமாம். ஜான் எனக்கு இதைக் கையால் நடித்தே விளக்கினார். காலைப் பூசையில் இருக்கும் முகபாவம் அவருக்கு.

"அண்ணே, இன்னைக்குத்தான் கடைசி நாளு. ஞாபகம் இருக்கா?" என்று நான் படகிலிருந்து கேட்டேன்.

"ஏறிட்டேன், ஏறிட்டேன்" என்று சொட்டச் சொட்ட ஏறி என்ஜின் அறைக்குள் இறங்கினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் இறங்கினார், அதை மறுக்கமாட்டேன். ஆனால் உட்கார்ந்து எழுந்து நடக்க அங்கே இடமும் இல்லை, நேரமும் இல்லை. சீக்கிரம் காயட்டும் என்று சூடான புகைக்குழாய் ஓரமாக, என்ஜினிலிருந்து கண்ணை எடுக்காமல், மணிக்கணக்கில் நேராக நின்றே வந்திருக்கிறார். துணி நிற்பதை மட்டும் கற்றுக்கொண்டது.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன் ரங்கத்தில் அரிசி இறக்க நின்றோம். அலையாத்திக் காடு இரண்டு பக்கமும் நெருக்கும் ஓடைக்குள் இருக்கிறது படகுத்துறை. ஓடையை இங்கே நாலா என்கிறார்கள். வற்றத் தொடங்கும் முன் வெளியேறிவிட வேண்டும், இல்லாவிட்டால் சேற்றில் உட்கார்ந்து அடுத்த நீரேற்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான் என்று சேரங் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அண்ணன் கொஞ்சம் ஈரம் மீதி இருந்தபோதே விறைப்பாக மேலே ஏறிவந்து, வெயிலில் கொதிக்கும் இரும்புத் தளத்தில் நீட்டிப் படுத்தார். கண் அசந்துவிட்டார்.

மூட்டைகள் இறங்கின. சேரங் மணியை அடித்தார். அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. மரக்கட்டை உருளுவதுபோல் ஒருபக்கம் உருண்டார்.

ஜானும் இன்னொருவரும் தூக்கி நிறுத்தினார்கள். நின்றார். முட்டி மடங்கவில்லை. இரண்டு நாள் முன்பு அப்பா சட்டைபோல் தொங்கிய துணி, தொடையிலும் முழங்காலிலும் தோலாகவே ஆகிவிட்டிருந்தது. என்ஜின் அறைக்குப் போகும் ஏணி செங்குத்தானது. அடியில் குனிந்துதான் நுழைய வேண்டும். அக்குளில் கயிறு கட்டி இறக்கிப் பார்த்தார்கள். பாதியில் பலகைபோல் மாட்டிக்கொண்டு, "தூக்கு, தூக்கு!" என்று அலறினார்.

"கழட்டு அந்தச் சனியன!" என்றார் சேரங்.

அண்ணன் இடுப்பில் ஒரு லுங்கியைச் சுற்றிவிட்டு, ஜான் கால்சட்டையின் இரு நுனியையும் பிடித்து இழுத்தார். கால்சட்டை வரவில்லை. அண்ணன் வந்தார், தளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. ஆடுகள் ஒதுங்கி வழிவிட்டன. வங்காளி அம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

சேரங் சமையல் கத்தியோடு வந்தார். அண்ணன், "கத்திய அந்தப் பக்கம் எடு! கடல்ல குதிச்சிருவேன்!" என்றார்.

"குதிடா! நீந்தவும் முட்டி மடங்கணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலையாத்தி வேர்களில் ஈரக்கோடு ஒரு சாண் உயரத்துக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது. தண்ணீர் இறங்குகிறது. என்ஜினைக் கிளப்பத் தெரிந்தவர் இந்தப் படகில் ஒருவர்தான், அவர் தளத்தில் மல்லாந்து கிடக்கிறார். மாயாபந்தரில் ஓர் அலுவலகம் மாலை மூடப்படும். பதினோரு வகுப்பும் பயிற்சியும் ஒரு கால்சட்டையில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணே. உங்களுக்கு இது பேண்ட்டு. எனக்கு வேலை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நாலாவின் தண்ணீரைப் பார்த்தார்.

"சரி தங்கச்சி. வெட்டச் சொல்லு" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், அடக்கத்துக்கு வந்தவர்போல.

சேரங் கத்தியைச் செருகப் பார்த்தார். துணிக்கும் தோலுக்கும் நடுவே கத்திமுனை போகவில்லை, தள்ளினால் சதைக்குள் போகும். "நான் பாக்குறேன்" என்று கத்தியை வாங்கினேன். கலியாணமாகாத பெண் ஓர் ஆண்பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு உட்காரலாமா என்ற யோசனை அப்புறம்தான் வந்தது. அப்போது நான் ஏற்கனவே உட்கார்ந்திருந்தேன். வங்காளி அம்மாள் என் பக்கத்தில் வந்து குந்தி, லுங்கியை முழங்காலுக்குச் சற்று மேல்வரை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பாதத்தின் பக்கம் வெளித்தையலில் கொஞ்சம் தொய்வு இருந்தது. அங்கே தொடங்கலாம் என்று விளிம்பைத் திருப்பினேன். தையலின் உள்பக்கம் தெரிந்தது. கண்ணி கண்ணியாக, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஓடும் சங்கிலி. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

தையல்கடைத் தையல் இப்படி இருக்காது. இது மூட்டைத் தையல். அரிசிச் சாக்கின் வாயைத் தைக்கும் மெஷினில் ஓட்டியிருக்கிறார் கோயா பாய்.

மூட்டைத் தையலுக்கு இரண்டு முனை. தையல் தொடங்கிய முனையை இழுத்தால் இறுகும். முடிந்த முனையில் கடைசிக் கண்ணியை விடுவித்து இழுத்தால் மொத்தமும் கழன்று வரும். கண்ணிகள் எந்தப் பக்கம் தலை சாய்த்திருக்கின்றன என்று விரலால் தடவினால் எது எதுவென்று தெரிந்துவிடும். தடவினேன். கோயா பாய் இடுப்பில் தொடங்கிப் பாதத்தில் முடித்திருந்தார். சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றி, விளிம்பு மடிப்பைப் பிரித்து, கடைசிக் கண்ணியை ஊக்கின் முனையால் தூக்கி, நூலைப் பிடித்து இழுத்தேன்.

கர்ரென்று ஓடியது. கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால். உள்ளே நசுங்கிக் கிடந்த சதை விம்மி வெளியே வந்தது. "மா கோ!" என்றார் வங்காளி அம்மாள். "ஏ, நிறுத்து, நிறுத்து!" என்று அண்ணன் அலறினார். இந்தத் தையல் ஓட ஆரம்பித்தால் இடுப்புவரை நிற்காது. முழங்காலுக்குச் சற்று மேலே கட்டைவிரலால் துணியோடு துணியாக அழுத்திப் பிடித்தேன். உடம்பு எடை முழுதையும் அந்த விரலில் கொடுத்தேன். ஜான் நூலைக் கண்ணிக்குள் நுழைத்து முடிச்சுப்போடும்வரை எடுக்கவில்லை. பிறகு மறுகால்.

அண்ணன் முட்டியை மடக்கினார். நீட்டினார். மறுபடி மடக்கினார். பிறந்த பிள்ளைபோல் அதையே செய்துகொண்டிருந்தார்.

"போடா கீழே!" என்றார் சேரங்.

எழுந்து ஓடினார். பிரிந்த துணி இரண்டு கணுக்காலிலும் விரிந்து படபடத்தது. சேரங் கைதட்டினார். "பாருங்கப்பா! பெல்பாட்டம் டிரைவர்!"

ஏணியில் இறங்கிக்கொண்டே அண்ணன் சொன்ன பதிலை நான் எழுதப்போவதில்லை. என்ஜின் உறுமியது. படகின் அடி ஓரிடத்தில் சேற்றைத் தடவி முனகியது. எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். பிறகு நாலாவின் வாய் திறந்து கடல் தெரிந்தது.

"டீச்சர்ஜி, இதெல்லாமும் டிரெய்னிங்ல சொல்லிக் குடுக்குறாங்களா?" என்று சேரங் கேட்டார்.

"இல்ல. எங்கம்மா துறைமுகத்துல, சரக்குக் கிட்டங்கில மூட்ட பிரிக்கிறவ. லீவு விட்டா நானும் கூடப் போவேன்."

பயிற்சிப் பள்ளியில் என் தோழிகளில் ஒருத்திக்குக்கூட இது தெரியாது. ஒரு படகு நிறைய ஆட்களுக்கு முன்னால் சொல்லிவிட்டு, யாராவது எதையாவது நினைக்கிறார்களா என்று பார்த்தேன். ஆடு என்னைப் பார்த்தது. சேரங் யோசித்துவிட்டு, "ஒரு மூட்டைக்கு எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"அம்மாவுக்கா? ஒரு மூச்சு."

"சபாஷ்" என்று சொல்லிவிட்டு மறுபடி கடலைத் திட்டத் தொடங்கினார்.

மாயாபந்தர் படகுத்துறையில் வெயில் சாய்ந்திருந்தது. ஜான் என் பெட்டியைத் தோளில் வைத்து மேட்டில் முன்னே ஓடினார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னே ஓடினேன். நைலக்ஸ் ஓடுவதற்கு நல்ல சேலை, அதைச் சொல்லியாக வேண்டும்.

தலைமையாசிரியர் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். வயதான வங்காளி. உத்தரவைப் படித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சாத்திய ஜன்னலை மறுபடி திறந்தார். ஒரு தாளைக் கொடுத்து, "இன்று பணியில் சேர்ந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்" என்றார்.

எழுதினேன். பெயரை முழுதாக, ஓர் எழுத்தும் சிதையாமல் போட்டேன். கையை எடுத்தபோது பெயருக்குப் பக்கத்தில் என் கட்டைவிரல் பதிந்திருந்தது. வியர்வையில் ஊறிய கால்சட்டை நீலம், ஒவ்வொரு ரேகையும் தெளிவாக.

"அடடா. இது கெட்டுவிட்டது. வேறு தாள் தருகிறேன்" என்றார் அவர்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் போட்ட கையெழுத்து இதுதான். சம்பளத்துக்கு, ரேஷனுக்கு, என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று அம்மா போட்டதும் இதுதான். கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் யாரோ அழுத்துவார்கள், தாளில் யாரோ உருட்டுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

"வேண்டாம் சார். இதுவே இருக்கட்டும்" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்து, அந்த நீலத்தின்மேல் படாதபடி சற்றுத் தள்ளிக் குத்தினார்.